கப்பிங் மசாஜுக்கு முதல் முறை போகிறேன். வலிக்குமா, வட்டம் வட்டமாகக் கன்றிப்போவது ஆபத்தா?

கழுத்தும் தோள்பட்டையும் இறுகிக் கிடப்பதால் கப்பிங் மசாஜுக்கு, அதாவது தோலில் குவளைகளைக் கவிழ்த்து உறிஞ்சி இழுக்கும் முறைக்கு, பதிவு செய்திருக்கிறீர்கள். வலிக்குமா, முதுகில் விழும் வட்ட அடையாளங்கள் ஆபத்தா, அவை கறுப்பாக வந்தால் உடம்பில் கழிவு அதிகம் என்று நண்பர் சொன்னது உண்மையா, கப் செட் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான் என்று படுகிறது. குப்புறப் படுத்திருக்கும்போது முதுகில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் சுருக்கமான விடை: அளவான இழுப்பில் இறுக்கம் தெரியும், வலி தெரியக் கூடாது. அடையாளம் என்பது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். உடல்நலம் உள்ளவருக்கு ஆபத்தில்லை. கழிவு என்பது தவறு. வீட்டில் செய்வதைப் பற்றிக் கடைசியில்.

வழக்கமான மசாஜில் கை தசையைக் கீழ்நோக்கி அழுத்தும். கப்பிங்கில் நடப்பது இதற்கு நேரெதிர். குவளைக்குள் காற்றழுத்தம் குறைவதால் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் மெல்லிய சவ்வுப் படலமும் மேலே எழும்புகின்றன. அந்த இடத்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்த ஓட்டம் கூடுகிறது, கொஞ்ச நேரத்தில் இடம் சிவந்து சூடாகிறது. இந்த அளவுக்கு ஐயமில்லை. அடுத்த படி, அதாவது இதனால் வலி ஏன் குறைகிறது என்பதில்தான் ஊகங்கள் தொடங்குகின்றன. இழுபடும் உணர்வு நரம்பு வழியே போய் வலிச் செய்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். இறுகிய தசைமேல் படலம் தளர்கிறது என்பது இன்னொன்று. அரை மணி நேரம் அசையாமல் படுத்து, ஒருவர் கவனமாகப் பார்த்துக்கொள்வதாலேயே பாதி சரியாகிறது என்பாரும் உண்டு. அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. மூன்றும் கலந்து வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு.

குவளைகளில் மூன்று வகையை நீங்கள் பார்க்கக்கூடும். கண்ணாடிக் குவளைக்கு நெருப்பு வேண்டும்: ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சைக் கவ்வியில் பிடித்துப் பற்றவைத்து, குவளைக்குள் ஓரிரு நொடி காட்டி வெளியே எடுத்துவிட்டு, உடனே தோலில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது இழுப்பு உண்டாகிறது. நெருப்பு உடம்பில் படுவதே இல்லை. பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலோ, குவளையின் விளிம்பையே சூடாக்கிவிட்டாலோதான் தோல் வெந்துபோகும். பிளாஸ்டிக் குவளையின் தலையில் ஒரு வால்வு இருக்கும். கைத்துப்பாக்கி போன்ற பம்பை அதில் மாட்டி காற்றை உறிஞ்சுவார்கள். சிலிக்கான் குவளையை விரலால் அமுக்கி வைத்துவிட்டாலே பிடித்துக்கொள்ளும். முதல் முறைக்குப் பம்ப் குவளையைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். எத்தனை இழுப்பு என்று எண்ணிச் சொல்லலாம், பாதியில் வால்வைத் தொட்டுக் குறைக்கலாம், நெருப்பும் இல்லை. கண்ணாடியில் எவ்வளவு இழுப்பு என்பது முழுக்க முழுக்கச் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

செய்யும் விதங்களும் வேறு வேறு. குவளையை ஒரே இடத்தில் சில நிமிடம் விட்டுவைப்பது ஒன்று. முதுகில் வட்டம் விழுவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய் தடவி, லேசான இழுப்போடு குவளையைத் தசையின் நீளவாக்கில் நகர்த்துவது இன்னொன்று. கப்பிங் மசாஜ் என்ற பெயர் இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். இதில் வட்டம் விழாது. பட்டையாகச் சிவந்து, பல சமயம் ஓரிரு நாளில் போய்விடும். வைத்து வைத்துச் சட்டென்று எடுப்பதும் உண்டு. இவை எல்லாம் உலர் முறைகள். தோலைப் பிளேடால் லேசாகக் கீறி ரத்தத்தை இழுத்தெடுக்கும் ஈர முறை, ஹிஜாமா என்று பலர் அறிந்தது, முற்றிலும் வேறு விஷயம். அது தோலைத் திறக்கிற செயல். நோய்த்தொற்று, தழும்பு, ரத்த இழப்பு என்று அதன் கணக்கே தனி. பதிவு செய்யும்போதே "உலர் முறை மட்டும்தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படுத்த பிறகு, நல்லது என்று சொல்லி ஈர முறைக்கு மாற்ற யாராவது முனைந்தால் எழுந்து வந்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த வட்டங்களுக்கு வருவோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த ஊதா வட்டங்களைப் பார்த்துத்தான் பலர் இதைக் கேள்விப்பட்டார்கள். அன்றிலிருந்து அந்த வட்டமே சிகிச்சைக்கு அத்தாட்சி என்பதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் அது எங்காவது இடித்துக்கொண்டால் வரும் ரத்தக்கட்டின் உறவுதான். இழுப்பில் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் சில உடைந்து, சிவப்பணுக்கள் தோலடியில் கசிகின்றன. அடியால் வரும் ரத்தக்கட்டில் தசையும் நசுங்கியிருக்கும், அதனால் தொட்டாலே வலிக்கும். இதில் நசுங்கல் இல்லாததால் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தொட்டால் லேசாகத்தான் கூசும். கசிந்த ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை உடல் படிப்படியாகச் சிதைக்கும்போது சிவப்பு ஊதாவாகி, பச்சையும் மஞ்சளும் தட்டி மறைகிறது. சிலருக்கு மூன்று நான்கு நாள், பலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்.

அடையாளம் கறுப்பாக விழுவதற்கும் கழிவுக்கும் தொடர்பில்லை. உடம்பின் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. அது தோலுக்கடியில் வட்டமாகக் காத்திருப்பதில்லை. நிறத்தை முடிவு செய்வது இழுப்பின் பலம், குவளை இருந்த நேரம், அந்த இடத்துத் தோலின் மென்மை, உங்கள் நுண்குழாய்கள் எவ்வளவு எளிதில் உடையும் என்பது, நீங்கள் சாப்பிடும் மருந்துகள். ஒரே ஆளின் முதுகில், ஒரே பம்பால், ஒரு குவளையை 3 நிமிடமும் இன்னொன்றை 12 நிமிடமும் விட்டால் இரண்டு நிறம் வரும். நிறத்தைப் பார்த்து உறுப்புகளின் நோயைச் சொல்கிறேன் என்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடையாளமே விழாத சிகிச்சை வீண் என்று நினைத்து, 'இன்னும் கொஞ்சம் இழுங்கள்' என்று கேட்பவர்கள்தான் கடைசியில் கொப்புளத்தோடு போகிறார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள்: கருமையான, மாநிறமான தோலில் ரத்தக்கசிவு மறைந்த பிறகும் அந்த இடம் சற்றுக் கறுத்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கக்கூடும். தழும்பு தடித்து வளரும் கெலாய்டு உள்ளவர்கள் ஈர முறை பக்கமே போகக் கூடாது. திருமணமோ, முதுகு தெரியும் உடையோ, நீச்சல் போட்டியோ இரண்டு மூன்று வாரத்தில் இருந்தால், நகர்த்தும் முறையை மட்டும் கேளுங்கள்.

பலன் எவ்வளவு என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். நாள்பட்ட கழுத்துவலி, இடுப்புவலி, தசைப்பிடிப்பு ஆகியவற்றில் குறுகிய காலத்துக்கு வலி குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, தரமும் சுமார். இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது: மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம், முதுகில் குவளை இழுக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போகாது. அதனால் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு, குவளையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின்மை, தைராய்டு எல்லாம் சரியாகும் என்று பட்டியல் மாட்டியிருக்கும் இடங்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பண்டைய கிரேக்கம் முதல் சீனம் வரை இருந்தது என்பது பழமைக்குச் சான்று, பலனுக்கு அல்ல. என்னைக் கேட்டால், இறுகிய தசைக்குச் சில நாள் ஆசுவாசம் தரும் ஒரு வழி. அந்தச் சில நாளில் கழுத்தை அசைக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டால் அதன் மேல் ஏதாவது கட்டலாம். அவ்வளவுதான் அதன் இடம்.

யார் போகக் கூடாது என்பதில்தான் நான் கறாராக இருப்பேன். வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள், தட்டணுக்கள் ஒட்டாமலிருக்கும் குளோபிடோக்ரல் போன்றவை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தவர்கள், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. தினமும் ஆஸ்பிரின் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். காலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அந்தக் காலை யாரும் தொடவே கூடாது. புடைத்த வெரிகோஸ் நரம்பின் மீதும் குவளை வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த இடத்தில் இழுப்பு அதிகமானால் உங்களுக்கே தெரியாது. எச்சரிக்கை மணி வேலை செய்யாத இடம் அது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் காயப்பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்புவது நன்கறிந்த விஷயம். அதனால் நோய் இப்போது அடங்கியிருந்தாலும் யோசிக்க வேண்டும். எக்ஸிமா, வெயிலில் வெந்த தோல், ஆறாத புண், ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து மெலிந்துபோன தோல், காய்ச்சல் நேரம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, புற்றுநோய்க் கட்டி உள்ள பகுதி எல்லாம் இந்தப் பட்டியலில்தான். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டவே வேண்டாம். முதல் அனுபவத்தைப் பேறுகாலத்துக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது.

கப்பிங்கை விட அவசரமான சிலவும் இருக்கின்றன. கழுத்துவலியோடு கை வலுவிழந்து பொருள் நழுவுவது, இடுப்புவலியோடு சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, மாடி ஏறும்போது மட்டும் வரும் இடது தோள்வலி: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவமனை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து உங்களுடையது வெறும் தசை இறுக்கம்தான் என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

போகும் நாளில் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வெறும் வயிற்றில் போக வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். தலைசுற்றல், மயக்கம் வருவது பெரும்பாலும் பட்டினியோடு பயமும் சேரும்போதுதான். முதுகில் முடி அதிகமென்றால் குவளை பிடிக்காமல் காற்று கசியும். அதற்காக அன்று காலையே மழிக்காதீர்கள், மழித்த தோலில் எரியும். ஓரிரு நாள் முன்பே செய்யுங்கள், அல்லது எண்ணெய் கூடுதலாகத் தடவச் சொல்லுங்கள். எண்ணெய் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல சிகிச்சையாளர் மருந்து, நோய், தோல், முன்பு மயக்கம் வந்ததா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் குவளையை எடுப்பார். ஒன்றுமே கேட்காமல் "படுங்க" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

படுத்ததும் முதலில் கையால் சிறிது நேரம் தேய்த்துத் தசையைத் தளர்த்துவது முறை. பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதைப்பற்றான மேடு, தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம், முதுகெலும்புக்கு இருபுறமும் ஓடும் தசைகள் ஆகிய இடங்களில் குவளை வரும். 4 முதல் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை முதுகுக்கு, சிறியவை தோளின் மேல்விளிம்புக்கு. முதுகெலும்பின் மேலேயே, தோள்பட்டை எலும்பின் முகட்டில், கழுத்தின் முன்புறத்திலும் பக்கத்திலும், அக்குளில், முழங்கால் மடிப்பின் பின்னால், மச்சத்தின் மீது வைக்கக் கூடாது. எலும்பின் மேல் வைத்தால் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் வலிக்கும். கழுத்துப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அதில் விளையாட்டு வேண்டாம்.

முதல் முறைக்குப் பம்பில் ஒன்றிரண்டு இழுப்பு போதும். தோல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக மேடிட்டால் சரி. நேரம் 3 முதல் 5 நிமிடம். பழகிய பின் 10 நிமிடம் வரை போகலாம். அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் கொப்புளத்துக்கான வாய்ப்பே தவிர பலன் அல்ல. வெண்படை நோய்க்குத் தோல் மருத்துவர்கள் உறிஞ்சு கருவியை ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, வேண்டுமென்றே கொப்புளம் எழுப்பி, அந்த மெல்லிய மேல்தோலை எடுத்து ஒட்டும் முறை ஒன்று உண்டு. போதுமான இழுப்பையும் நேரத்தையும் கொடுத்தால் எந்தத் தோலும் கொப்பளிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே கொப்புளம் வந்தால் 'உள்ளிருந்த நீர் வெளியே வந்தது, நல்லது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழுப்பு கூடிவிட்டது, அல்லது குவளையை வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

குவளை பிடித்ததும் முதல் அரை நிமிடம் தோல் வலுவாகக் கிள்ளி இழுபடுவதுபோல் இருக்கும். பிறகு மந்தமாகி வெதுவெதுப்பு பரவும். அந்த இறுக்கத்தை 10க்கு மதிப்பிட்டால் 3 அல்லது 4க்குள் நிற்க வேண்டும். குத்தும் வலி, எரிச்சல், கையில் மின்னல் ஓடுவது, மரத்துப்போவது, குமட்டல், திடீர் வியர்வை இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய சிகிச்சை இல்லை இது. குவளைகளை வைத்துவிட்டுச் சிகிச்சையாளர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எடுக்கும்போது வால்வைத் திறக்கவோ, குவளை விளிம்பை ஒட்டிய தோலை விரலால் அழுத்திக் காற்றை உள்ளே விடவோ வேண்டும். பிய்த்து எடுத்தால் தோல் உரியும். முடிந்ததும் சட்டென்று எழாமல் பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

சுத்தத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். உலர் முறையிலும் தோலில் வியர்வையும் சில சமயம் துளி ரத்தமும் கசியும். ஒவ்வொருவருக்குப் பிறகும் குவளையைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, அதன்பின் கிருமிநாசினியில் அதற்குரிய நேரம் ஊறவைக்க வேண்டும். பிசுக்கோடு ஊறவைத்தால் மருந்து உள்ளே இறங்காது. பம்ப் குவளையின் வால்வு இடுக்கு அடிக்கடி விட்டுப்போகும் இடம். ஈர முறை என்றால் பிளேடும் குவளையும் கையுறையும் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்பட்டு, முடிந்ததும் தூக்கி எறியப்பட வேண்டும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். துடைத்துவிட்டேன் என்பது அங்கே பதிலாகாது. அடிக்கடி ஈர முறை செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகை வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

வந்த பிறகு ஒருநாள் அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றல், நீராவிக் குளியல், கடும் வெயில், பலமாகத் தேய்த்தல் வேண்டாம். சாதாரணக் குளியல் போதும். கனமான உடற்பயிற்சியையும் மறுநாளுக்குத் தள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் நச்சு வெளியேறும் என்பதற்கு ஆதாரமில்லை, தாகத்துக்குக் குடியுங்கள். ஒன்றிரண்டு நாள் லேசான கூச்சமும் அசதியும் இருக்கலாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணிக்கட்டால் மூடுங்கள். சிவப்பு விளிம்பைத் தாண்டிப் பரவினாலோ, சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தாலோ மருத்துவரிடம் போய் கப்பிங் செய்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த வட்டங்களைப் பார்த்து வேறெதையோ தேடுவார்கள்; முதியவர் உடம்பில் பார்த்தால் யாரோ அடித்தார்கள் என்றுகூடத் தோன்றும்.

பலனை அளக்க, போவதற்கு முன் தலையை இடமும் வலமும் எவ்வளவு திருப்ப முடிகிறது, வலி 10க்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். அன்று மாலை எல்லோருக்கும் லேசாகத்தான் இருக்கும். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் எப்படி என்பதே கணக்கு. அடையாளம் மறையும் முன் அதே இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது என்பதால் ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளி தானாகவே வரும். மூன்று நான்கு முறைக்குப் பிறகும் குறிப்பில் மாற்றமில்லையென்றால் இது உங்களுக்கானதல்ல; பத்து முறைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அதற்கு முன்பே யோசியுங்கள்.

வீட்டில் செய்யலாமா என்றால், நெருப்பும் பிளேடும் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன தடை எதுவும் இல்லாதவர், சிகிச்சையாளரிடம் ஒருமுறை இழுப்பின் அளவை உணர்ந்த பின், சிறிய சிலிக்கான் குவளையை எண்ணெய் தடவிய தொடையிலோ கெண்டைக்காலிலோ மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம், ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். தன் முதுகில் தானே வைக்க முயன்றால் கை எட்டாது, விளிம்பு சரியாகப் படியாது, எடுக்கும்போது பிய்த்து எடுக்கத்தான் வரும். உச்சந்தலையில் வைத்தபின் மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டதாகப் பதிவு உண்டு. தலைவலிக்கு என்று யாராவது காணொளியில் காட்டினால் அதை மட்டும் செய்து பார்க்காதீர்கள்.